பாரத்தில் சேராத பல்லக்கு

"கனமா ஏதாவது தூக்குவீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க சார்" என்றான் என் தம்பி.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். மீசை முளைத்த காலத்திலிருந்து ஆடி தவறாமல், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு அம்மனின் பல்லக்கை முன் தண்டில் நின்று தூக்குகிறவன். திருவிழா முடிந்து ஒரு வாரம் தோள் வீங்கிப்போய், தைலம் தேய்த்துவிடச் சொல்லி என் உயிரை வாங்குகிறவன். அவன் கனமாக எதையும் தூக்குவதில்லையாம்.

"சார், இவன் சாமி தூக்குவான்" என்றேன்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனின் முகமாக இருந்தால் ஓர் அதட்டலோடு விட்டிருப்பேன். அவன் முகத்தில் இருந்தது நிஜமான ஆச்சரியம். "அக்கா, அவரு வெயிட்டு தூக்குறதப் பத்தி கேக்குறாரு. அம்மன் வெயிட்டா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை பேர் தூக்குவீங்க?"

"பன்னெண்டு பேருங்க சார்."

"அம்மன், பல்லக்கு, அலங்காரம் எல்லாம் சேர்த்துத்தானே? மேல பூசாரி உட்காருவாரா?"

"உக்காருவாருங்க."

"அவர்?"

தம்பி கொஞ்சம் யோசித்தான். "அவரு வெயிட்டுதான் சார்" என்றான்.

"சரி, அம்மன் வெயிட் இல்லன்னே வெச்சுக்குவோம். பூசாரிக்காகவாவது நீங்க தூக்கக் கூடாது" என்று டாக்டர் சிரிக்காமல் சொன்னார். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதய நோய்களைப் பார்ப்பவர் அவர். எங்களுக்குப் பின்னால் பெரிய வரிசையே காத்திருந்தது. அப்படியிருந்தும் பூசாரி வரைக்கும் பொறுமையாக வந்தார். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் பேனாவைக் கீழே வைத்திருக்க மாட்டேன், எறிந்திருப்பேன்.

இத்தனைக்கும் அவன் போனது கண்ணாடி மாற்ற. பார்வை மங்குகிறது, கண்ணாடிக் கடைக்காரர் கொடுக்கிற எந்தப் பவரும் சரிப்படவில்லை என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே இருந்த டாக்டரம்மா கண்ணுக்குள் லென்ஸ் தன் இடத்திலிருந்து நகர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொன்னாராம். விரலை மடக்கச் சொன்னாராம். நெஞ்சுக்கூட்டைத் தொட்டுப் பார்த்தாராம். கடைசியில் இதயத்துக்கு ஸ்கேன் எடுத்து வா என்று எழுதிக் கொடுத்தார். "கண்ணுக்குப் போனா மாருக்கு எழுதித் தராங்க, கமிஷன் அடிக்கிறாங்க" என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு மாதம் அலைந்தான். சட்டையைத் துவைக்க எடுத்தபோது என் கையில் கிடைத்தது. கத்திக் கத்தித்தான் ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனேன்.

அவனுடைய கையின் நீளம் எனக்குப் புதிதில்லை. நான் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறேன். பட்டுப் புடவை எடுக்க வருகிற ஊர், ஜாக்கெட்டுக்குப் பஞ்சமில்லை. ஆண்களுக்குத் தைப்பதில்லை, இவனைத் தவிர. கடையில் வாங்குகிற எந்தச் சட்டையின் கையும் இவனுக்கு மணிக்கட்டு வரை வராது. எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான். நான் தையல் கற்றுக்கொண்டு முதலில் தைத்த சட்டை அவருக்கு. கையை அளவெடுத்தபோது டேப்பைத் தப்பாகப் பிடித்துவிட்டேனோ என்று மறுபடி அளந்தேன். தெருவில் ஜாதகம் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். முழங்காலைத் தொடுகிற கை ராஜ லட்சணம், அவதார புருஷர்களுக்குத்தான் அமையும் என்று அப்பாவுக்குச் சொன்னதையே தம்பிக்கும் சொல்லி வைத்தார். அந்த ராஜா ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனிக்கு ஷிப்ட் பஸ்ஸில், முழங்கால் முன் சீட்டில் இடிக்க இடிக்கப் போய்வந்துகொண்டிருந்தான்.

டாக்டர் எங்களுக்கு விளங்கும்படிதான் சொன்னார். இதயத்திலிருந்து கிளம்பி உடம்பு முழுவதற்கும் ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் மகாதமனி. ஒவ்வொரு துடிப்புக்கும் அது கொஞ்சம் விரிந்து, பழைய அளவுக்குத் திரும்பச் சுருங்க வேண்டும். அதற்காகவே அதன் சுவருக்குள் இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குகிற மெல்லிய நார்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இவனுக்குப் பிறவியிலேயே அந்த நார் பலவீனம். கண்ணுக்குள் லென்ஸைப் பிடித்திருக்கும் நாரும் அதே வகையாம், அதனால்தான் அதுவும் நழுவியது. ராத்திரி பகல் ஓயாமல் துடித்துத் துடித்து, இதயத்தை ஒட்டிய இடத்தில் குழாய் அகலமாகியிருக்கிறது. கனம் தூக்கி மூச்சை இறுக்கிப் பிடித்தால் உள்ளே அழுத்தம் ஏறும், சுவரின் உள்பக்கம் கிழியலாம். கிழிந்தால் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே நேரம் இருக்காது.

எனக்கு உடனே புரிந்தது. துவைத்துத் துவைத்து நைந்த பேன்ட்டின் இடுப்பு எலாஸ்டிக்கை நான் பார்க்காததா? வெளியே துணி நன்றாகத்தான் இருக்கும். உள்ளே ரப்பர் போயிருக்கும்.

துடிப்பின் வேகத்தைக் குறைக்க தினமும் மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். ஓர் அளவைத் தாண்டினால் ஆபரேஷன் செய்து, அந்தத் துண்டை எடுத்துவிட்டுத் துணியால் நெய்த குழாயை வைத்துத் தைப்பார்கள்.

"என்ன துணி சார்?" என்று கேட்டேன். தொழில் புத்தி.

"பாலியஸ்டர்."

தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. காஞ்சிபுரத்துக்காரன் நெஞ்சில் பாலியஸ்டரா என்ற கவலை. அந்த நேரத்திலும் அதற்குத்தான் கவலைப்பட்டான்.

ஊருக்கு வந்த பிறகுதான் என் பொறுமைக்கு வந்தது சோதனை. எங்கள் தெருவில் இதயம் என்றால் அடைப்பு. வேறு வியாதி கிடையாது. எத்தனை பர்சென்ட், எத்தனை பிளாக், ஸ்டென்ட் வைத்தார்களா என்றுதான் விசாரிப்பார்கள். குழாய் அகலமாகியிருக்கிறது என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும். "அகலமா இருந்தா நல்லதுதானம்மா, அடைப்பே வராதே!" எதிர்வீட்டில் சொன்னார்கள், பால்காரர் சொன்னார், ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர்கள் கையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்குக் குழாய் தாராளமாக இருக்கிறது, ராஜ லட்சணம்தான் என்று முடிவு செய்துவிட்டாள். இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று எண்ணெயை நிறுத்தி, பூண்டை உரித்து உரித்து அவனுக்கு ஊட்டினாள். பூண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் காய்ந்தது. கம்பெனி பஸ்ஸில் இவன் பக்கத்தில் உட்கார ஆளில்லை என்பதுதான் பூண்டு செய்த வேலை.

அந்தக் கம்பெனி விஷயத்தைச் சொன்னால் எனக்கு இன்னும் கோபம் வரும். டாக்டர் சர்ட்டிபிகேட்டைக் கொண்டுபோய் மறுநாளே சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டான். கனமான பெட்டிகளைத் தூக்குகிற இடத்திலிருந்து, உட்கார்ந்து பார்த்துச் சரிபார்க்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் தண்ணீர்க் கேனைத் தூக்கி வைக்கச் சொன்னால் "டாக்டர் சொல்லியிருக்காரு இல்ல" என்பான். காஸ் சிலிண்டரைக் காலால்கூடத் தள்ள மாட்டான். இவ்வளவு ஒழுங்காக இருக்கிறவன், ஆடி நெருங்கியதும் தோளில் போடுகிற துண்டைத் துவைத்துக் காயப்போட்டான்.

"டேய், இது என்னடா?"

"துண்டு."

"எதுக்கு?"

"அக்கா, சும்மா ஆரம்பிக்காத. அது வேற, இது வேற."

எது வேறு, எது வேறு என்று அவன் கடைசிவரை சொல்லவில்லை.

சாமி தூக்குகிறவர்களுக்குத் தெருவில் ஒரு தலைவர் உண்டு. ஜரிகைக் கடை வைத்திருப்பவர், எங்களுக்கு மாமா முறை. அவரிடமே போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "அதுக்கு இன்னாமா, முன் தண்டு வாணாம், பின் தண்டுல நிக்கட்டும்" என்றார். கூடாது என்றேன். "அப்ப தெரு முனை வரைக்கும் தூக்கட்டும்." கூடாது மாமா. "சரி, கையை மட்டும் வெச்சிக்கினு வரட்டும், வெயிட்ட நாங்க பாத்துக்கறோம்." புடவைக்கு விலை பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே போனார். கையை மட்டும் வைப்பதாம். பன்னிரண்டு தோளில் எது உயரமோ அதன் மேல்தான் தண்டு முதலில் உட்காரும். மற்றவர்கள் மட்டத்துக்குக் குனிந்து, தொடை நடுங்க, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இவன் தெரு முழுக்க நடப்பான். அவன் பிடித்தால் பல்லக்கு அசையாது என்று அதைத்தான் எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

"உங்கப்பன் எடம்மா அது. காலியா உட முடியுமா?" என்றார் மாமா கடைசியில்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் முன் தண்டுதான். நாற்பதைத் தாண்டியிருந்தார், தம்பி அப்போது சின்னவன். ஓர் ஆடித் திருவிழாவில் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டருகே திரும்பும்போது, தோளை மாற்றிக் கொடுத்துவிட்டு, முதுகு கிழிகிறது என்று சொல்லிச் சுவரோரமாக உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். அம்மன் அழைத்துக்கொண்டாள் என்று தெருவே சொன்னது. சாமி காலடியில் போன உயிரை யாராவது அறுத்துப் பார்ப்பார்களா? அன்றிலிருந்து வருடா வருடம் பல்லக்கு எங்கள் வாசலில் நிற்கும். முதல் கற்பூரம் எங்களுக்கு. அம்மன் கழுத்து மாலையை எடுத்து அம்மா கையில் கொடுப்பார்கள். புருஷனைப் பறிகொடுத்தவளை நல்ல காரியங்களில் ஓரமாக நிற்கச் சொல்கிற தெரு இது. எங்கள் அம்மாவை மட்டும் யாரும் நிற்கச் சொன்னதில்லை. அவள் கொடுத்தவள். அம்மனுக்கே புருஷனைக் கொடுத்தவள். கல்யாண வீடுகளில் அவளைக் கூப்பிட்டு முதல் வரிசையில் உட்கார வைப்பார்கள்.

இரண்டாவது தடவை சென்னைக்குப் போனபோது இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னேன். அவர் தம்பியின் கையை மறுபடி ஒரு தடவை பார்த்தார். "பார்க்காம உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா அப்பாவுக்கும் இதே உயரம், இதே கை, கனம் தூக்கும்போது முதுகுல கிழிக்கிற வலின்னு சொல்றீங்க. இதுவாத்தான் இருக்கணும்" என்றார். குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது என்று எனக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. குட்டையாகப் பிறந்ததற்காக முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் சுங்குவார்சத்திரம் வரை தம்பி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாத அக்கா" என்றான்.

"எதை?"

"அப்பா விஷயத்த. அப்பாவ அம்மன் கூப்டுக்கிச்சுன்னு நெனச்சிக்கினுதான் இத்தன வருசமா நிக்கிறாங்க. வியாதின்னு சொல்லிட்டா அப்புறம் அவங்களுக்கு இன்னா இருக்குது? நான் தூக்கலன்னா ஏன்னு கேப்பாங்க. அகலமா இருக்குதுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க, அப்பாவ இழுத்துத்தான் ஆவணும். அதுக்கு நான் தூக்கிட்டே பூடலாம்."

இத்தனை நாளும் இவனை முட்டாள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். முட்டாளாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"நீயும் செத்தா அதையும் அம்மன் கூப்டுக்கிச்சுன்னு சொல்லிடறேன். அம்மாவுக்கு ரெண்டு மாலையா வரும்" என்றேன்.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். தம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் சொன்னது கொடுமைதான். ஆனால் அவன் சாவதைவிட அது கொடுமையாக எனக்குப் படவில்லை, இப்போதும் படவில்லை.

திருவிழா அன்று மத்தியானம் வரைக்கும் அவனோடு போராடிப் பார்த்தேன். பிறகு அம்மாவிடம் போனேன். வாசலைக் கழுவிவிட்டு, பல்லக்கு நிற்கிற இடத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நார், குழாய், கை நீளம், அப்பா, டாக்டர் சொன்னது, தம்பி பஸ்ஸில் சொன்னது. அம்மா நிமிரவில்லை. கோலத்தின் ஒரு பக்கம் மட்டும் முடிந்திருந்தது.

"முதுகு வலிக்குமா அதுல?" என்று கேட்டாள்.

"வலிக்கும்மா. கிழிக்கிற மாதிரி."

"தள்ளு. இந்தப் பக்கம் போடணும்" என்றாள். நான் எழுந்து உள்ளே வந்துவிட்டேன். சொன்னதும் வீண், சுவரில் முட்டிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேளச் சத்தம் கேட்டது. பல்லக்கு எங்கள் சந்து திரும்பி வந்தது. முன் தண்டில் தம்பி. கையை மட்டும் வைத்திருக்கவில்லை. தண்டு முழுக்க அவன் தோளில் இருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது, வாய் இறுகியிருந்தது. அவன் நெஞ்சுக்குள் அந்த இடம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாசலில் பல்லக்கு நின்றது. கட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். பூசாரி கற்பூரம் காட்டி, அம்மன் கழுத்து மாலையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா கையை நீட்டவில்லை. படியிறங்கி நேரே தம்பியிடம் போனாள். அவன் தோளுக்கு அவள் கை எட்டாது, துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அது வந்துவிட்டது. பல்லக்கை நிமிர்ந்து பார்த்து, சண்டைக்காரி குரலில் பேசினாள்.

"அவர நான் குடுக்கல. நீ கேக்காமதான் எடுத்துக்கினே. குடுத்தேன் குடுத்தேன்னு இவங்கள்லாம் சொன்னாங்க, நானும் மண்டைய ஆட்டிக்கினு மாலைய வாங்கிக்கினு இருந்தேன். இவன குடுக்க மாட்டேன். நீயே கேட்டாலும் மாட்டேன்."

மேளம் நின்றுவிட்டது. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். "வாடா வெளிய" என்றாள் தம்பியிடம். கோலத்தை மிதித்துக்கொண்டு அவன் வெளியே வந்தான். பூசாரி மாலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மேலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் மாமாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தம்பி நின்ற இடத்தில் போய் நின்றார். தூக்கினார்கள். அவர் உயரத்துக்குப் பல்லக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தே போயிற்று. பூசாரி பல்லக்கின் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தெரு எதிர்பார்த்தபடியே பேசியது. அடுத்து வந்த கல்யாணத்துக்கு அம்மாவை யாரும் முன்னால் உட்காரச் சொல்லவில்லை. ஏன் என்று நான் சண்டைக்குப் போகக் கிளம்பியபோது அம்மாதான் தடுத்தாள். தம்பிக்குக் குழாயின் அளவு இன்னும் ஆபரேஷன் வரைக்கும் வரவில்லை. மாத்திரை போடுகிறான். தண்ணீர்க் கேனை நான்தான் தூக்குகிறேன்.

ஆனால் அன்றைக்கு, மேளச் சத்தம் தூரமாகப் போன பிறகு, அம்மா அந்தத் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போனதும் தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"உங்கப்பா உயிரோட இருக்க சொல்ல, இந்த மாத்திர இருந்துச்சா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இனியும் அவளிடம் எதையும் மறைக்க எனக்கு மனமில்லை.

"இருந்துச்சும்மா" என்றேன்.